ஒன்பதாவது ரேங்க் வாங்கிய முள்ளங்கி

நான்கரைப் பாத்திகளின் பேரரசியும், மண்ணுக்கு மேலே தெரியும் தழையைப் பார்த்தே மண்ணுக்குள் இருப்பதன் குணத்தைச் சொல்லிவிடும் ஞானியும், என் அக்காள் இந்த உலகத்துக்குச் செய்த ஒரே உருப்படியான உபகாரமுமான என் அன்பு மருமகளுக்கு, உன் தாய்மாமனும் சுவைக்குழுவின் ஆயுட்காலத் தலைவனுமானவன் எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தையும் மாடியில் குடியிருக்கும் டெய்லரும் நலம். இந்த நலத்தில் எங்கள் மூவரின் நாக்கும் சேர்த்தி இல்லை. உன் நலத்தை அறியவும் ஆசைதான். ஆனால் இந்தக் கடிதத்தைப் படிப்பதற்கு முன்னால் நீ நலமாக இருந்தாய் என்பதில் எனக்கு என்ன ஆறுதல்? படித்து முடித்த பிறகு எப்படி இருக்கிறாய் என்று எழுது, அதைத்தான் நான் அறிய வேண்டும். முதலில் உட்கார். உட்கார்ந்தாயா? கையில் களைக்கொத்தி, கத்தி, பூவாளி என்று எது இருந்தாலும் கீழே வை. பக்கத்தில் பீட்ரூட் பிரிவுக்காரர் யாராவது நின்றால் அவரை ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடு. இது குடும்ப விஷயம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். காலையிலிருந்து மூன்று தடவை போனைக் கையில் எடுத்தேன். முதல் தடவை உன் எண்ணை மறந்துபோனேன். இரண்டாம் தடவை எண் நினைவுக்கு வந்தது, என் பெயர் மறந்துபோனது. மூன்றாம் தடவை மணி அடித்து நீ "மாமா!" என்று அவ்வளவு சந்தோஷமாகக் கூப்பிட்டாய் பார், நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது நான்தான் என்று நீ கண்டுபிடித்திருப்பாய். ராங் நம்பர்காரன் எவனும் "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டுவிட்டுப் போனை வைப்பதில்லை. ஆகவே எழுதுகிறேன். உன் அத்தை பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையிலிருந்து ஐந்தரை மணிக்குத் திரும்புவாள். அதற்குள் எழுதி, மடித்து, ஒட்டி, பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்பது திட்டம். அவள் கண்ணில் பட்டால் என் கதை முடிந்தது.

நான் எழுதப்போவதில் பாதி உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் இது நாளைக்கே ஒரு விசாரணைக் கமிஷன் முன்னால் வைக்கப்படலாம். அந்த நீதிபதிக்கு முள்ளங்கியைப் பற்றி என்ன தெரியும்? அவருக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன். கனம் நீதிபதி அவர்களே, என் மருமகள் கிழங்குப் பயிர் ஆராய்ச்சிப் பண்ணையில் முள்ளங்கிப் பிரிவு. பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். அவளுடைய லட்சியம், பச்சையாகக் கடித்தாலும் நாக்கைச் சுடாத முள்ளங்கி, சின்னப் பிள்ளைகள் தட்டின் ஓரத்துக்குத் தள்ளாத முள்ளங்கி ஒன்றைப் படைப்பது. அதற்காக ஒவ்வொரு பருவமும் பாத்தி முழுக்கப் பிடுங்கி, கோணல் மாணல், வெடித்தது, இரண்டு கால் முளைத்தது எல்லாவற்றையும் கழித்து, வடிவான ஒன்பதைப் பொறுக்குவாள். பிறகுதான் முக்கியமான வேலை. ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டி, தழையோடு இருக்கும் தலைப்பாதியை ஈரமணலில் ஊன்றிவைப்பாள். வால்பாதியை நம்பர்ச் சீட்டு கட்டிப் பெட்டியில் போட்டு எங்கள் வீட்டுக்கு அனுப்புவாள். தலை அங்கே, வால் இங்கே. வாலைத் தின்று நாங்கள் தீர்ப்பு எழுதி அனுப்பினால், நல்ல தீர்ப்பு வாங்கிய தலை மூன்றும் மறுபடி நடப்பட்டு, பூத்து, காய்த்து, அடுத்த பருவத்துக்கு விதை கொடுக்கும். தோற்ற தலை ஆறும் பண்ணை மாட்டுக்குப் போகும். இப்படி ஒவ்வொரு தலைமுறையும் முந்தினதைவிட நல்லதாகிக்கொண்டே போகும் என்பது சாஸ்திரம். வளர்த்தவளே ருசி பார்த்தால் பிள்ளைப்பாசம் வந்துவிடும் என்று அவளுடைய இயக்குநர் தடை போட்டிருக்கிறார். வெளியாட்களை வைத்துச் சுவைக்குழு அமைக்க அந்தப் பண்ணைக்கு வக்கில்லை. எனவே நாட்டுக்காக நாக்கைத் தர நாங்கள் மூவரும் முன்வந்தோம்.

இதுவரை தப்பு ஏதும் நடக்கவில்லை, கனம் நீதிபதி அவர்களே. இனிமேல்தான் நான் வருகிறேன்.

மருமகளே, முதல் பெட்டி வந்த நாள் உனக்கு நினைவிருக்கும், தீர்ப்பு ரகசியம் என்று அதை மட்டும் விட்டுவிட்டு நான்தான் போனில் ஒன்றரை மணி நேரம் வர்ணித்தேனே. சாப்பாட்டு மேஜைக்கு வெள்ளைத் துணி விரித்து, ஒன்பது தட்டு வைத்து, நடுவில் ரொட்டித் துண்டும் தண்ணீரும் வைத்து, உப்பு ஜாடியை அலமாரியில் போட்டுப் பூட்டிச் சாவியை நான் இடுப்பில் செருகிக்கொண்டேன். டெய்லர் எதற்கு என்று உன் அத்தை கேட்டாள். முப்பது வருடமாகக் குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுகிற மனிதர், நாக்கு எவ்வளவு எச்சரிக்கையாக இருக்கும் என்று யோசித்துப் பார் என்றேன். அன்றைக்கு எல்லாம் சுமுகம். ஒரு வில்லையைக் கடிப்போம், கண்ணை மூடுவோம், நான் "என்ன ரேங்க்?" என்று கேட்பேன். "நாலாம் நம்பர் வெண்ணெய் மாதிரி இருக்குங்க, ஃபர்ஸ்ட் ரேங்க்" என்பார் டெய்லர். "ஏழாம் நம்பர் காதுல சூடு கிளப்புது, அதுக்குக் கடைசி ரேங்க்" என்பாள் உன் அத்தை. நீ அனுப்பிய படிவத்தில் 'ஒன்று முதல் ஒன்பது வரை' என்று அச்சடித்திருந்தது. ஒன்பது முள்ளங்கி, ஒன்பது ரேங்க். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் ரேங்க் கார்டு எழுதிய இந்தக் கைக்கு வேறு என்ன தோன்றும்? வெண்ணெய் மாதிரி இருந்த நாலாம் நம்பருக்கு, அழகாக, சுழித்து, ஒன்று என்று போட்டேன். காதுச் சூடு கிளப்பியவனுக்கு ஒன்பது என்று போட்டேன்.

புரிகிறதா? இன்னும் புரியவில்லை என்றால் எழுந்து கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வா.

இரண்டாம் பருவத்துப் பெட்டி வந்தது. முதல் வில்லையிலேயே டெய்லருக்கு விக்கல். விக்கலோடு மாடிக்குப் போனவர் ஒரு சட்டையின் இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டார். சட்டைக்குச் சொந்தக்காரர் சண்டைக்கு வந்தார். டெய்லர் மிச்சமிருந்த ஒரு வில்லையை அவர் வாயில் போட்டார். வந்தவர் சட்டையை வாங்கிக்கொண்டு தெருக்கோடி வரை வாயைத் திறந்தபடியே ஓடினார். "என்னங்க இது, போன தடவை இவ்வளவு காரம் இல்லையே" என்றாள் உன் அத்தை. நான் சிரித்தேன். "ஆராய்ச்சின்னா அப்படித்தான். முதல்ல கெட்டுப்போய், அப்புறம்தான் சரியாகும். நம்ம கல்யாணத்தையே எடுத்துக்கோ" என்றேன். அதற்கு அவள் பார்த்த பார்வையில் முள்ளங்கியே இனித்தது.

மூன்றாம் பருவத்தில் உன் அத்தையின் பதினொரு வருட மூக்கடைப்பு திறந்துகொண்டது. பதினொரு வருடம், மருமகளே! எத்தனை சொட்டு மருந்து, எத்தனை ஆவி பிடித்தல், எத்தனை டாக்டர்! ஐந்தாம் நம்பர் வில்லையை வைத்துக் கடித்தாள், "ஹா" என்றாள், பீரங்கி வெடித்த மாதிரி ஒரு தும்மல், ஜன்னல் கதவு தானே சாத்திக்கொண்டது, அவ்வளவுதான், மூக்கு திறந்தது. நான் கைதட்டினேன். கைதட்டி முடிப்பதற்குள் அவள் எழுந்து மோப்பம் பிடித்துக்கொண்டே போய், பீரோவுக்குப் பின்னால், பழைய காலண்டருக்குள் சுருட்டி நான் ஒன்பது வருடமாகப் பத்திரமாக வைத்திருந்த மூக்குப்பொடி டப்பாவைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள். அறிவியலுக்காக நான் இழந்தது கொஞ்சநஞ்சமல்ல.

நான்காம் பருவத்தைப் பற்றி எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் குறைத்தே சொல்கிறேன். பெட்டியைக் குளிர்பதனப் பெட்டியின் தலையில் வைத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் குளிர்பதனப் பெட்டிக்கு வியர்த்திருக்கிறது. சுவரோரமாக வரிசையாக வந்த எறும்புகள் பெட்டிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, தங்களுக்குள் ஏதோ பேசி, அதே வரிசையில் திரும்பிப் போயின. எதிர்வீட்டு நாய், பிறந்ததிலிருந்து நம் வீட்டு வாசலைப் பார்த்துக் குரைப்பதையே தொழிலாக வைத்திருந்த நாய், அன்றிலிருந்து எதிர்த்திசை பார்த்து உட்கார்ந்திருக்கிறது. டெய்லர் அழுதுகொண்டே தைத்தார். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த ஒரு அம்மாள், "என்ன கஷ்டமோ, பாவம், சொல்லுங்க அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க" என்று தேற்ற ஆரம்பித்து, தன் மாமியார் கதையைச் சொல்லி, இரண்டு பேருமாகச் சேர்ந்து சாயங்காலம் வரை அழுதார்கள். கேட்டாயா, நாங்கள் இதையெல்லாம் உன்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? உன் அத்தைதான், "சின்னப் பொண்ணு, முட்டி தேயத் தேய மண்ணுல உக்காந்து வேலை பாக்குது, அதுகிட்ட போய் நல்லா இல்லைன்னு சொல்லுவீங்களா? நம்ம வேலை ரேங்க் போடறது. போட்டு அனுப்புங்க, மிச்சத்தை அவ பாத்துப்பா" என்றாள். நானும் நினைத்தேன், ஏதோ பெரிய தந்திரம் வைத்திருக்கிறாள் என் மருமகள், காரத்தை உச்சிக்குக் கொண்டுபோய் அங்கிருந்து தள்ளிவிடப் போகிறாள் என்று.

பிறகு ஐந்தாம் பருவம். அதில் ருசி பார்க்கக்கூட இல்லை, பெட்டியைத் திறந்தோம், மூன்று பேரும் கண்ணீர் மல்க ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்தோம். கடமை கடமைதான் என்று நான் மட்டும் ஒன்பதிலும் ஒவ்வொரு கடி கடித்தேன். ஒன்பதாவதைக் கடித்தபோது காலமான என் தாத்தா எதிரில் வந்து நின்று "அதைத் துப்புடா" என்றார். எவனுக்கு முதல் ரேங்க், எவனுக்கு இரண்டாம் ரேங்க்? வகுப்பே ஃபெயில்! என் முப்பத்தொரு வருட சர்வீஸில் செய்யாததைச் செய்தேன், ஒன்பது பேருக்கும் கடைசி ரேங்க். வரிசையாக ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று போட்டு உன் அத்தையிடம் தபாலுக்குக் கொடுத்தேன்.

நாலு நாளில் உன் போன். "மாமா! ஒன்பதும் ஒன்பது! பாத்ததும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு மாமா!"

"உனக்குமா?" என்றேன் நான்.

"உங்களுக்கும் வந்துச்சா?"

"எங்க மூணு பேருக்கும்தாம்மா. டெய்லருக்கு இன்னும் நிக்கலை."

நீ அழுதாய், நானும் அழுதேன். எவ்வளவு நல்ல குடும்பம் என்று உன் அத்தையும் கண்ணைத் துடைத்தாள். அப்போதுதான் நீ சொன்னாய்: பதினெட்டாம் தேதி ரக வெளியீட்டுக் குழு கூடுகிறது, ஐந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள், 'காரமே இல்லாத முள்ளங்கி' என்று பலகை எழுதியாகிவிட்டது, நீயே உன் கையால் வெட்டி ஆளுக்கு ஒரு தடித்த துண்டு கொடுக்கப்போகிறாய், அவர்கள் கடித்துச் சிரிப்பதைப் படம் எடுக்க ஆள் வைத்திருக்கிறாய். குழு ஒப்புக்கொண்டால் உன் பெயரில் ஒரு ரகம், உனக்குக் கீழே இரண்டு பேர். ஒப்புக்கொள்ளாவிட்டால் நான்கரைப் பாத்தியும் பீட்ரூட் பிரிவுக்கு. முள்ளங்கிக்கு எதுக்கும்மா ஆராய்ச்சி என்று முதல் நாளே கேட்ட இயக்குநர், "அப்பவே சொன்னேனே" என்று சொல்லக் காத்திருக்கிறார். காரத்தைத் தள்ளிவிடும் தந்திரத்தை அதற்குள் நீ செய்துமுடித்துவிடுவாய் என்று நாங்களும் நம்பினோம்.

இன்று காலை மேஜைக் கால் ஆடியது. அண்டை கொடுக்க ஒரு காகிதம் தேடினேன். உன் படிவம் ஒன்று மிச்சம் இருந்தது. நாலாக மடிக்கும்போது பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஏதோ தெரிந்தது. இரண்டரை வருடத்தில் நான் அந்தப் பின்பக்கத்தைத் திருப்பியதே இல்லை, மருமகளே. ரேங்க் கார்டுக்குப் பின்பக்கத்தில் பெற்றோர் கையெழுத்து மட்டும்தான் இருக்கும், அது நம் இலாகா இல்லை. கண்ணாடியைப் போட்டுப் படித்தேன். 'ஒன்பது: மிகவும் பிடித்தது. ஒன்று: பிடிக்கவே இல்லை.'

மாடிப்படியில் நின்று டெய்லரைக் கூப்பிட்டேன். அவர் ஊசியை எடுத்துவிட்டுப் படித்தார். மறுபடி படித்தார்.

"அப்போ நாம பாஸ் போட்டவன் எல்லாம்?"

"மாட்டுக்குப் போயிட்டான்."

"ஃபெயில் போட்டவன்?"

"அவனுக்குத்தான் வம்சம் தழைச்சிருக்கு."

டெய்லர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஐயா, அப்படின்னா உலகத்துலேயே இனிப்பான முள்ளங்கியை இந்த ரெண்டரை வருஷமா அந்தப் பண்ணை மாடுங்கதான் தின்னிருக்கு" என்றார். எனக்கு அந்த மாடுகள் மேல் வந்த பொறாமையை எழுத்தில் சொல்ல முடியாது.

பார்த்தாயா, நீ செய்த வேலையில் ஒரு குறை இல்லை. பொறுக்கினாய், வெட்டினாய், நட்டாய், பூச்சி வந்து கலப்படம் செய்யாமல் வலை போட்டாய், விதை எடுத்தாய். எல்லாம் சரி. வண்டி அருமையான வண்டி, ஓட்டுநர் அருமையான ஓட்டுநர். வழிகாட்டிப் பலகையை மட்டும் உன் மாமா திருப்பி நட்டுவைத்திருந்தான். போன வருடம் உன் பண்ணைக்கு வந்தபோது நீ ஒரு முள்ளங்கியைப் பிடுங்கி, மண்ணை உதறி, உன் தாவணி வயதில் கண்ணாடியைக்கூட அவ்வளவு கவனமாக நீ பார்த்து நான் கண்டதில்லை, அப்படி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது நல்லா வரும் மாமா" என்றாய். உன் நகக்கண்ணில் எல்லாம் மண். உன் அம்மா, "இவளுக்கு ஒரு ஆபீஸ் வேலை கிடைச்சிருந்தா கையாவது சுத்தமா இருக்கும்" என்று அலுத்துக்கொண்டாள். நீ அந்த முள்ளங்கியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அந்த முகத்தை நினைத்துக்கொண்டுதான் இந்தப் பத்தியை மூன்று தடவை அடித்து எழுதுகிறேன். விளையாட்டு இல்லை, நிஜமாகவே மன்னித்துவிடு.

சரி, அழுது ஆகப்போவது என்ன? உன் மாமன் கையில் யோசனை இல்லாமல் இருக்குமா? முதல் யோசனை: பதினெட்டாம் தேதி கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல். காரணமாக என் மரணத்தைச் சொல்லலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை, ஏற்கனவே ஐந்தாம் பருவத்தில் ஒத்திகை பார்த்தாகிவிட்டது. இரண்டாம் யோசனை: உன் அத்தை வேலை பார்க்கும் இடத்தில் பல் பிடுங்குவதற்கு முன்னால் ஈறில் அடிக்கிற மரத்துப்போகும் மருந்து இருக்கிறது. ஐந்து பெரிய மனிதர்களுக்கும் வரவேற்பு பானம் கொடுக்கும்போதே ஆளுக்கு ஒரு 'புஸ்'. அப்புறம் முள்ளங்கி என்ன, நெருப்பையே கொடு, "அருமை, காரமே இல்லை" என்பார்கள். வார்த்தை கொஞ்சம் குழறும், அதைப் பரவசம் என்று எழுதிக்கொள்ளலாம். மூன்றாம் யோசனை: பலகையை மாற்று. 'காரமே இல்லாத முள்ளங்கி' என்பதில் நடுவே உள்ள ஒரு சொல்லை மட்டும் அழித்தால் போதும், மிச்சம் எல்லாம் உண்மை. நான்காவதுதான் நேர்மையான யோசனை. என் கைப்பட ஒரு வாக்குமூலம் எழுதி, டெய்லரைச் சாட்சிக் கையெழுத்துப் போட வைத்து, இதோடு இணைத்திருக்கிறேன். குழு முன்னால் அதை உரக்கப் படி. 'இந்தப் பெண்ணின் ஐந்து பருவ உழைப்பைக் கெடுத்தவன் நான் ஒருவனே, வேறு யாருக்கும் இதில் பங்கில்லை' என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன். தூக்குமேடை என்றாலும் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன், டெய்லர் புதிதாக ஒன்று தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், இரண்டு கையும் இரண்டு பக்கம் வைத்து.

உன் அத்தை வரும் நேரமாகிவிட்டது. நீ எடுக்கும் விதை எல்லாம் முளைக்கவும், முளைத்ததெல்லாம் நேராக இறங்கவும், இறங்கியது எதுவும் இரண்டு கால் முளைக்காமல் இருக்கவும், பீட்ரூட் பிரிவில் புழு விழவும், அது நல்லெண்ணம் கொண்ட புழுவாக இருக்கவும், உன் பெரிய மனதில் இந்தச் சின்னப் பாவிக்கு ஒரு சாண் இடம் மிச்சம் இருக்கவும் வாழ்த்துகிறேன். உன் அம்மாவிடம் என் அன்பைச் சொல். விஷயத்தைச் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் வாழ்வைத் தலைகீழாக்கிய,
மாமா.

பின்குறிப்பு: உறையில் பசை தடவிக்கொண்டிருக்கும்போது உன் அத்தை வந்துவிட்டாள். முகத்தைப் பார்த்தே கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். நின்றபடியே படித்தாள். நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். அடிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன், ஓரமாக வைத்தாள்.

"ஏங்க, நீங்க ரேங்க்தான் போடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? முதல் பருவத்துலேயே பின்பக்கத்தைப் படிச்சுட்டேன். தபால்ல போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் வேற படிவத்துல நான்தான் மாத்தி எழுதி அனுப்பினேன். உங்க ஒண்ணை ஒன்பதாக்கி, உங்க ஒன்பதை ஒண்ணாக்கி. கடைசி தடவை ஒன்பதுக்கும் ஒண்ணுதான் போட்டு அனுப்பினேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா ஒத்துக்குவீங்களா? முப்பத்தொரு வருஷம் ரேங்க் எழுதின கைன்னு ஆரம்பிப்பீங்க."

அப்படியானால் நான் நிரபராதி! வாக்குமூலத்தைக் கிழிக்கப் போனேன். அவள் அதற்குள் உனக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, காரத்திலிருந்து படிவம் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மிச்சம் உனக்கே தெரியும், இருந்தாலும் கனம் நீதிபதிக்காக எழுதுகிறேன். "மாமா மார்க்கா? அவர் ஒண்ணுன்னு போட்டா முதல் ரேங்க்குன்னு அர்த்தம், எனக்குத் தெரியாதா அத்தை? முதல் பருவத்துலேருந்து நான்தான் எல்லாத்தையும் திருப்பிப் போட்டுக்கறேனே" என்றாய் நீ. டெய்லர்தான் படியில் நின்று விரலை மடக்கி, "ஐயா ஒரு தடவை, அம்மா ஒரு தடவை, பொண்ணு ஒரு தடவை" என்று எண்ணினார்.

நான் செய்த தப்பை ஒருத்தி மட்டும் திருத்தியிருந்தால் இந்நேரம் நாம் வெண்ணெய் தின்றுகொண்டிருப்போம். இரண்டு பேருக்கும் என்னைத் தெரிந்திருந்ததுதான் ஆபத்தாகப் போயிற்று.

நீ அழுவாய் என்று காதைப் பொத்திக்கொண்டேன். நீயோ சிரித்தாய், மூச்சு வாங்க. "மாமா, அஞ்சே பருவத்துல இவ்வளவு காரம் ஏறியிருக்குன்னா, பொறுக்கிப் பொறுக்கி வளர்த்தா இது கேக்குதுன்னுதானே அர்த்தம்? திசைதான் தப்பு. ஆரம்பத்து விதை டப்பாவுல அப்படியே இருக்கு. குழுகிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லி, ஆளுக்கு ஒரு துண்டும் குடுத்து, இன்னும் அஞ்சு பருவம் கேக்கப் போறேன். இவ்வளவு தூரம் தப்பா போக முடிஞ்சவளால அதே தூரம் சரியாவும் போக முடியும்ல?" என்றாய். அந்த ஒரு துண்டுக்குப் பிறகு பேச அவர்களில் யாருக்கும் வாய் இருக்காது, எனவே கொடுத்துவிடுவார்கள் என்று நம்புகிறேன். பிறகு நீயும் உன் அத்தையுமாகப் பேசி முடிவு கட்டினீர்கள்: சுவைக்குழு அதேதான், மாமாவைத் திருத்த முடியாது, இனி அத்தை மட்டும் மாற்றி எழுதுவாள், நீ கை வைக்க மாட்டாய். நல்ல ஏற்பாடு. ஆகவே மேலே உள்ள மன்னிப்புகளை எல்லாம் வாபஸ் பெற்றுக்கொள்கிறேன்.

இன்னொரு பின்குறிப்பு: உன் அத்தை குளிக்கப் போயிருக்கிறாள், அவசரமாக எழுதுகிறேன். என்னைத் திருத்த முடியாது என்று இரண்டு பேரும் சொன்னது மனதில் தைத்துவிட்டது. ஒன்பதுதான் உசத்தி, ஒன்றுதான் மட்டம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பழகிவிட்டேன், இனி தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சரியாகவே போடுவேன். வரும் பருவத்திலிருந்து வெண்ணெய்க்கு ஒன்பது. அவளிடம் மட்டும் சொல்லாதே. ஒருநாள் அவளே கண்டுபிடித்து அசந்துபோகட்டும்.